காலையில் சிவப்பு, மத்தியானம் கறுப்பு!

ஒரு பெண்ணை முப்பதே விநாடியில் சிவப்பாக்க எவ்வளவு செலவாகும்?

எங்களுக்கு ஆனது 47 ரூபாய். கணக்கு வேண்டுமா? தெர்மோகோல் ஷீட் இரண்டு, 36 ரூபாய். பட்டர் பேப்பர் 8 ரூபாய். வெளிர் நீல சார்ட் ஒன்று, 3 ரூபாய். பஸ் சார்ஜ் தனி. க்ரீமா? அது இந்தக் கணக்கிலேயே வராது. டப்பாவுக்குள் இருந்தது வீட்டுக்கார மாமி கடைந்து கொடுத்த வெண்ணெய்!

இதெல்லாம் நடந்தது 1998-ல். அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்துக் கொண்டிருந்தேன். 'விஷுவல் கம்யூனிகேஷன்' என்று முழுசாகச் சொன்னால் எங்கள் மயிலாப்பூர் சந்தில் ஒருத்தருக்கும் புரியாது. "டெலிபோன் டிபார்ட்மென்ட்டா?" என்பார்கள். 'சினிமாப் படிப்பு' என்று சொன்னால் அம்மாவுக்கு மயக்கம் வந்துவிடும். ஆகவே 'டி.வி. படிப்பு' என்று நடுவாந்தரமாக ஒரு பெயர் வைத்திருந்தோம்.

அப்போது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ராஜீவ் மேனன், மீதிப் பேர் பி.சி.ஸ்ரீராம். (மனசுக்குள்ளேதான்!) ரெண்டு பேருமே தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள், சினிமாவோடு விளம்பரப் படங்களும் எடுத்தவர்கள். ஏ.ஆர்.ரஹ்மான்கூட 1992-ல் 'ரோஜா' வருவதற்கு முன்னால் விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டுக் கொண்டிருந்தவர்தானே? அதனால் முப்பது விநாடி விளம்பரம் என்றால் எங்களுக்குக் கோடம்பாக்கத்துக்குப் போகும் குறுக்குச் சந்து மாதிரி.

ஒருநாள் சார் வந்தார். போர்டில் எழுதினார்: 'அழகு சாதனப் பொருள். டி.வி. விளம்பரம். 30 விநாடி.' நாலு பேருக்கு ஒரு டீம். நிஜக் கம்பெனிகளின் பெயர் கூடாது. வீடியோவில் விநாடிக்கு 25 ஃப்ரேம். முப்பது விநாடிக்கு 750 படம். "750 படத்துல ஒண்ணுகூட தண்டமா இருக்கக்கூடாது" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

எங்கள் டீமில் டைரக்டர் தி.நகர் பையன். கேமிராவும் ஒரு பையன், எந்நேரமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டேதான் பேசுவான். சவுண்டுக்கு அடையாறு பெண் ஒருத்தி, நல்ல சிவப்பு, வீட்டில் கீபோர்டு இருந்தது என்பதுதான் அவளைச் சேர்த்துக் கொண்டதற்குக் காரணம். அப்புறம் நான். எனக்கு உத்தியோகம் எழுத்து, எடுபிடி, டீ.

பொருளுக்குப் பெயர் வைப்பதில் மூன்று நாள் சண்டை. கடைசியில் டப்பா மேல் 'க்ரீம்' என்று மட்டும் எழுதி ஒட்டினோம். கதைக்குச் சண்டையே வரவில்லை. கேன்டீனில் கால் மணி நேரத்தில் முடிந்து போனது. பெண் இன்டர்வியூவுக்குப் போகிறாள். வேலை இல்லை என்று விரட்டுகிறார்கள். அம்மா ஒரு க்ரீமை நீட்டுகிறாள். ஏழு நாள் போகிறது. அதே ஆபீஸ், அதே மேனேஜர். இப்போது அவரே எழுந்து நின்று கை கொடுக்கிறார். சுபம். 'ஏன் இப்படி?' என்று நாலு பேரில் ஒருத்தருமே கேட்கவில்லை. இது நாங்கள் எழுதின கதையா என்ன? சின்ன வயசிலிருந்து தினமும் எட்டு மணி சீரியலுக்கு நடுவில் பார்த்து மனப்பாடமான கதை.

'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நம்ம சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பித்ததும் அதே 1975-ல்தான். தூர்தர்ஷனில் விளம்பரம் வர ஆரம்பித்தது அடுத்த வருஷம். ஆகக்கூடி டி.வி.யும் அந்த க்ரீமும் என் தலைமுறையோடு சேர்ந்தே வளர்ந்தன. 1998-ல் சென்னைக் கம்பெனியான கவின்கேர் குங்குமப்பூ, பால் என்று சொல்லிக்கொண்டு 'ஃபேர்எவர்' கொண்டு வந்தது. சி.கே.ரங்கநாதன் 1983-ல் கடலூரில் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு ஆரம்பித்து வளர்த்த கம்பெனி. கவின் என்றால் நல்ல தமிழில் அழகு என்று அர்த்தம், பாருங்கள். பன்னாட்டுக் கம்பெனியோடு நம்மூர்க்காரர் மோதுகிறார் என்பதில் எங்களுக்கெல்லாம் உள்ளூர ஒரு பெருமை. எதில் மோதினார் என்று அன்றைக்கு யார் யோசித்தது?

இந்த விளம்பரங்கள் பெரும்பாலும் பம்பாயில் இந்தியில் எடுத்துத் தமிழில் டப் செய்தவை. வாய் ஒன்று சொல்லும், சத்தம் வேறொன்று சொல்லும். 'வெள்ளைத்தோல்' என்று தமிழில் சொன்னால் ஏதோ வியாதி மாதிரி இருக்குமே? அதற்காக 'சிவப்பழகு' என்று ஒரு வார்த்தையைப் பிடித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்! நம் ஊரில் வெளுப்பாக இருப்பவர்களை வெளுப்பு என்றா சொல்கிறோம்? 'பொண்ணு நல்ல செகப்பு.' கறுப்பாக இருப்பவர்களையும் கறுப்பு என்று சொல்வதில்லை. அதற்குத்தான் 'மாநிறம்' இருக்கிறதே! அந்த ஒரு வார்த்தைக்குள் நிலக்கடலைத் தோலிலிருந்து இரும்புச் சட்டி வரை அடங்கும். என்னை அம்மா சொல்வதும் மாநிறம்தான்.

பழியை டி.வி. மேலேயே போடுவதும் நியாயமில்லை. கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் வாங்கி, பயத்தம்பருப்போடு அரைத்து, எண்ணெய்க் குளியலன்றைக்கு என்னைத் தேய் தேய் என்று தேய்த்தவள் அம்மா. நான் வயிற்றில் இருந்தபோது மாசம் தவறாமல் பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தாளாம். காஷ்மீரத்துக் குங்குமப்பூ என்னிடம் தோற்றது!

சரி, ஷூட்டிங்குக்கு வருவோம்.

முதல் நாள் சனிக்கிழமை. கேமிரா காலேஜுடையது, ட்ரைபாடும் அப்படியே. 29-சி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் ட்ரைபாடைப் பார்த்தார். "இந்த மூணு கால் பெரியவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துடு தம்பி" என்றார். எடுத்தோம்.

கதாநாயகி அடையாறு பெண்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'பின்' காட்சிக்கு அவளை அப்படியே நிறுத்தினால் போதும். 'முன்' காட்சிக்குத்தான் கறுப்பாக்க வேண்டும். பாண்டி பஜாரில் கறுப்பு ஷேடு பேன்கேக் ஒன்று வாங்கியிருந்தார் டைரக்டர். (வீண் செலவு என்பதால் 47-ல் சேர்க்கவில்லை.) வெளுப்பான கதாநாயகி கிராமத்துப் பெண்ணாக நடிக்கும்போது முகத்தில் கறுப்பைப் பூசிவிடுவது நம் சினிமாவில் ரொம்பப் பழைய வழக்கம். நாங்கள் மட்டும் என்ன, புதுசாகவா கண்டுபிடித்தோம்?

கபாலி கோயில் தெப்பக்குளத்துக் கரை. மணி பதினொன்று. சென்னை வெயிலுக்குப் பேன்கேக் பற்றி எதுவும் தெரியாது. பத்து நிமிஷத்தில் வியர்வை ஓட ஆரம்பித்தது. நெற்றியிலிருந்து கறுப்பு கோடு கோடாக வழிந்து, அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கிறது. பாவம், மழையில் நனைந்த சுவர் விளம்பரம் மாதிரி நின்றாள். பூக்கூடையோடு கோயிலுக்குப் போன ஒரு மாமி நின்று பார்த்துவிட்டு, "ஏண்டி கொழந்தே, அடுப்புல கிடுப்புல ஏதாவது வெடிச்சுடுத்தா?" என்று பதறிப் போனாள்.

பேக்கப்.

எதிரே கடையில் காப்பி குடித்தோம். டைரக்டர் டம்ளரைப் பார்த்தான். கேமிராக்காரன் மூடியிருந்த கண்ணையும் திறந்து டைரக்டரைப் பார்த்தான். அடையாறு பெண் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வேறு எங்கோ பார்த்தாள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு மரியாதையானவர்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். கடைசியில் நானேதான் சொன்னேன்: "சரி, நான் நிக்கறேன்."

"சே சே, அதுக்காக இல்ல..." என்றான் டைரக்டர். எதுக்காக இல்லை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது கேமிராக்காரன் ஒரு விஷயம் சொன்னான். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம். "உன்னை வெச்சு எடுத்தா பேன்கேக்கே வேணாம். சிவப்பை நான் லைட்லயே கொண்டாந்துடுவேன்."

கொண்டு வந்தான்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எலியட்ஸ் பீச், ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம். சூரியன் அப்போதுதான் கடலிலிருந்து மேலே வந்திருந்தது. இரண்டு பக்கமும் தெர்மோகோல் பிடித்து வெளிச்சத்தை முகத்தில் திருப்பினார்கள். இளவெயிலும் நேராக முகத்தில் குத்தாமல் இருக்க நடுவில் பட்டர் பேப்பர். லென்ஸை வழக்கத்தைவிட ஒரு ஸ்டாப் அதிகம் திறந்து வைத்தான், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். நீல சார்ட் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? வீடியோ கேமிராவுக்கு முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வெளிர் நீலத்தைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று பொய் சொன்னால், அது நீலத்தைக் குறைத்துவிட்டு எல்லாவற்றிலும் ஒரு பொன்னிறத்தை ஏற்றிவிடும். கேமிரா பாவம், வெகுளி. யார் எதைச் சொன்னாலும் நம்பும்.

இப்படியாக ஏழு மணிக்கெல்லாம் நான் சிவப்பாகிவிட்டேன்.

'முன்' காட்சி மத்தியானம் பன்னிரண்டரைக்கு. ஏழே நாளில் சிவப்பழகு என்று விளம்பரத்தில் சொல்வார்கள். எங்கள் ஷூட்டிங்கில் காலையில் சிவப்பு, மத்தியானம் கறுப்பு!

அந்த 'முன்'னுக்குத்தான் பெரும்பாடு பட்டோம். உச்சி வெயில் நேர் மேலே இருந்தால்தான் கண்ணுக்கடியில் பள்ளமாக நிழல் விழும் என்று நேரம் பார்த்தார்கள். தலையில் எண்ணெயை வழிய வழியத் தடவி இழுத்துப் பின்னினார்கள். கழுத்தில் இருந்த சின்ன மணியைக் கழற்றச் சொன்னார்கள். அடையாறு பெண்ணின் வீட்டு வேலைக்கார அம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்த, வெளுத்துப் போன சுடிதார். தெர்மோகோல் கிடையாது. லென்ஸ் ஒரு ஸ்டாப் மூடியாச்சு. இவ்வளவும் செய்து பார்த்தும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை.

"சோகமா பாரு."

பார்த்தேன்.

"இன்னும் சோகமா. நீ கறுப்பா இருக்கேங்கறதை நெனச்சுக்கோ."

அதுவரை, சத்தியமாக, நான் அதை நினைத்துக் கொண்டிருக்கவில்லை. ஸ்கூலில், கல்யாண வீடுகளில் நினைத்ததுண்டு. அன்றைக்குக் காலையிலிருந்து நினைக்கவில்லை. பசி மட்டும்தான் இருந்தது.

ரங்கநாதன் தெருவில் வேலை தேடி அலைகிற ஷாட். ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெரு எப்படி இருக்கும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கவே வேண்டாம், ஜனங்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேமிரா ஒரு கடையின் மாடிப்படியில். நான் கையில் ஃபைலோடு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறேன். மூன்றாவது டேக். ஒரு பாத்திரக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"என்ன தாயீ, வேலை தேடுதியா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

"எத்தனாவது படிச்சிருக்கே? நம்ம கடையிலேயே ஆள் வேணும். நாளைக்கே வந்துரு. மத்தியானம் சாப்பாடு போட்டுருவோம்."

கதைப்படி கறுப்புப் பெண்ணுக்கு வேலை கிடைக்கக் கூடாது. இவரோ ரெண்டே நிமிஷத்தில் கொடுத்துவிட்டார், சாப்பாடும் சேர்த்து! டைரக்டர் மாடிப்படியிலிருந்து "கட்! கட்!" என்று கத்துகிறான். நல்ல டேக், வீணாகப் போச்சு.

வகுப்பில் போட்டுக் காட்டினபோது, கறுப்பு நான் மங்கிச் சிவப்பு நான் வருகிற இடத்தில் கைதட்டல். சார் எழுந்து லைட்டைப் போட்டார்.

"டப்பாவுல என்ன?"

"வெண்ணெய், சார்."

"அப்ப வேலை எதனால கெடச்சுது?"

கேமிராக்காரன் மெதுவாகச் சொன்னான்: "தெர்மோகோலால, சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பத்துக்கு ஏழு போட்டார். லைட்டிங்குக்காக.

இதற்குமேல் நடந்ததுதான் விசேஷம். டேப்பை ஒரு வி.ஹெச்.எஸ். காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மாடியில் வீட்டுக்கார மாமியிடம்தான் வி.சி.ஆர். மாமி, அம்மா, நான். 'முன்' ஓடியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. எலியட்ஸ் பீச் வந்ததும், "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். பாஸ் போட்டால் படம் கிடுகிடுவென்று நடுங்குமே, அந்த நடுக்கத்தில் நான் சிரித்துக் கொண்டிருந்தேன். அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"யாரோ மாதிரி இருக்கா, இல்லே?" என்றாள் மாமி.

"என்ன மாமி யாரோ மாதிரி?" என்றாள் அம்மா. "இவ இப்படித்தான் இருக்கா. போட்டோ எடுக்கிறவங்களுக்குத்தான் எடுக்கத் தெரியலை."

மறுநாள் அந்த டேப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு லஸ்ஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாள். அவரும் நல்ல மனுஷர், ஷட்டரை மெதுவாக வைத்து டி.வி. திரையையே படம் பிடித்து, கார்டு சைஸில் நாலு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் கோடு தெரியும். ஜாதகத்தோடு ஒன்று தரகரிடம் போனது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மா சொன்னது பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஃபிலிம் காலத்தில் கலர் லேபுகளுக்குக் கோடாக் கம்பெனி ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் தோல் சரியாக வந்தால் மிஷின் சரியாக இருக்கிறது என்று கணக்கு. முதல் பெண்ணின் பேர் ஷெர்லி, அதனால் 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். உலகம் பூராவும் அவளை வைத்துத்தான் அளவெடுத்தார்கள். கறுப்பு முகம் இருட்டில் கரைந்து போனால் மிஷின் மேல் குற்றம் இல்லை, முகத்தின் மேல்தான்! பிற்பாடு ஃபிலிம் கொஞ்சம் திருந்தியதற்கு ஒரு காரணம், சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர ஃபர்னிச்சர்க்காரர்களும் 'எங்கள் சரக்கின் நிறம் படத்தில் சரியாக வரவில்லை' என்று முறையிட்டதுதானாம். மனுஷர்களைவிட சாக்லேட்டுக்கு செல்வாக்கு அதிகம்.

அதனால் அன்றைக்கு எலியட்ஸ் பீச்சில் விழுந்தது என் முகத்துக்கு முறையாகக் கிடைக்க வேண்டிய வெளிச்சம் என்று அம்மா நினைத்ததில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதி, அந்த நீல சார்ட்.

பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆச்சு. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். என்னைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"போட்டோவில இருக்கிறது... இவளோட அக்காவா?"

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இவதாங்க. டி.வி.யில நடிச்சப்ப எடுத்தது."

'டி.வி.யில நடிச்சப்ப' என்ற வார்த்தையிலேயே அந்த சம்பந்தம் படியிறங்கிப் போய்விட்டது. நிறத்தினால் தட்டியதா, நடிப்பினால் தட்டியதா என்று அம்மாவும் மாமியும் ரொம்ப நாள் பட்டிமன்றம் நடத்தினார்கள். (பிறகு எனக்குக் கல்யாணம் வேறு இடத்தில் நல்லபடியாக நடந்தது. அவருக்கு மூக்குக் கண்ணாடி பவர் அதிகம், அதுதான் காரணம் என்பது என் தோழிகளின் அபிப்பிராயம்.)

படிப்பு முடிந்து கோடம்பாக்கத்தில் எடிட்டிங் மேஜையில் பத்து வருஷம் குப்பை கொட்டினேன். நகை விளம்பரம், பட்டுப்புடவை விளம்பரம், க்ரீம் விளம்பரம், எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் வந்து பின்னால் உட்காருவார்கள். "ஸ்கின்னை ஒரு பாயிண்ட் தூக்குங்க மேடம்" என்பார்கள். தூக்குவேன். "இன்னும் ஒரு பாயிண்ட்." பின்னால் இருக்கும் சுவர், செடி, மாப்பிள்ளையின் வேட்டி எல்லாம் சேர்ந்து வெளுத்த பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி.

அந்த மேஜையில் உட்கார்ந்து ஒன்று பார்த்தேன். 'பின்'னுக்கு யாரும் அதிகம் உழைப்பதில்லை. அழகான பெண், நல்ல வெளிச்சம், முடிந்தது. உழைப்பெல்லாம் 'முன்'னுக்குத்தான். மேக்கப்மேன், லைட்மேன், டைரக்டர் எல்லாரும் கூடி, நன்றாக இருக்கும் ஒரு முகத்தைக் கெடுப்பதற்கு அரை நாள் செலவழிப்பார்கள். வாங்குகிறவள் கண்ணாடி முன்னால் போய் நிற்கும்போது அவள் முகம் அந்த 'முன்' மாதிரி அவளுக்கே தெரிந்துவிட்டால் போதுமே! க்ரீம் தானாக விற்கும்.

இது சட்டம் போடுகிறவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது, கொஞ்சம் தாமதமாக. பையன் இல்லையே என்று அப்பா பெருமூச்சு விட, பெண் க்ரீம் பூசி விமானப் பணிப்பெண்ணாகி அவர் கண்ணீரைத் துடைக்கிற விளம்பரம் ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஜனநாயக மாதர் சங்கம் அதை விடாமல் துரத்தியது. மனித உரிமைக் கமிஷன் வரை புகார் போய், 2003-ல் அந்த விளம்பரம் நின்றது. 2009-ல் இதே சென்னையில் கவிதா இம்மானுவேல் என்பவரின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்த பிறகுதான் பத்திரிகைகளின் கண்ணிலேயே பட்டது. நல்ல காரியத்துக்கும் ஒரு நட்சத்திரம் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

2014-ல் வந்த விதிதான் என்னை உட்கார வைத்தது. விளம்பரத் துறையே தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொள்ள 1985-ல் வைத்துக் கொண்ட கவுன்சில் ஒன்று உண்டு. நிறம் சம்பந்தப்பட்ட விளம்பரங்களுக்கு அது அந்த வருஷம் விதி வகுத்தது. கறுப்பாக இருப்பவர் வேலையிலோ கல்யாணத்திலோ தோற்பதாகக் காட்டக் கூடாது. அதோடு, க்ரீம் போடுவதற்கு முன்னால் மாடலின் முகபாவம் அழகில்லாமல், சோகமாக, சோர்ந்து இருக்கக் கூடாது! படித்தவுடன் ரங்கநாதன் தெரு ஞாபகம்தான். 'இன்னும் சோகமா' என்ற டைரக்டர் இன்று பெரிய ஆள். ஃபோன் செய்து படித்துக் காட்டினேன். "அப்ப நம்ம படத்துல மிச்சம் என்னடி இருக்கும்?" என்றான். எண்ணிப் பார்த்தோம். வெண்ணெய் டப்பா ஷாட் இரண்டு விநாடி மிஞ்சியது.

2019-ல் சாய் பல்லவி ஒரு சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை வேண்டாம் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. 2 கோடி ரூபாயாம். பிறகு அவரே பேட்டியிலும் சொன்னார். படித்துக் காட்டியபோது அம்மா, "நல்ல பொண்ணு. அவளும் மாநிறம்தானே?" என்றாள். 2020-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமே கொதித்தபோது, 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்'ஐ எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. நாற்பத்தைந்து வருஷத்துப் பெயர். எங்கள் தெருமுனைக் கடையில் இன்னமும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், அண்ணாச்சியும் புதுப் பெயர் போட்டதை எடுத்துத்தான் கொடுக்கிறார். ஒரு குழப்பமும் இல்லை.

போன மாதம் தி.நகரில் ஒரு பெரிய கடையில் முகத்துக்குப் போடும் சரக்குகள் இருக்கும் பகுதிக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். அலமாரி முழுக்கத் தேடியும் 'சிவப்பு' என்ற வார்த்தையே இல்லை. 'பளபளப்பு', 'பிரகாசம்', 'ஒளிர்வு'... ஏதோ எல்.இ.டி. பல்பு விற்கிற இடம் மாதிரி இருந்தது. சேல்ஸ் பெண்ணுக்கு இருபது வயசிருக்கும், தெற்கத்திப் பேச்சு, என் நிறம். கூரையில் வரிசையாகக் குழல் விளக்கு, வெள்ளைச் சுவர், காலடியில் வெள்ளை டைல்ஸ். எல்லாப் பக்கமும் தெர்மோகோல் வைத்த மாதிரி அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. அவ்வளவு அழகு.

"இதைப் போடுங்க மேடம், நல்லாக் கேக்கும்" என்று 650 ரூபாய் டப்பா ஒன்றை நீட்டினாள்.

"நீ போட்டுப் பார்த்திருக்கியாம்மா?"

அவள் சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்களுக்கு டிஸ்கவுன்ட் கிடையாது மேடம்!"